குரங்குக்கும் ஒரு குடை: சிபில் வெத்தசிங்கவின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை விட்டு வலப்பனை டவுனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா கடையிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. மகன் வீட்டுக்கு வந்தா கொரங்குட கதையத்தான் சொல்றான். குடையையும் கொரங்கையும் கீறிக்கீறி கொப்பி முடிஞ்சி. படம் பாக்குறதெல்லாம் படிப்பா? நாளைக்கு ஸ்கொலர்ஷிப் எழுதவேண்டிய புள்ள."

பஸ் வந்துவிட்டது. "நாநா, அதுக்கு நான் ஆறுதலா பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். இந்தப் பதிவுதான் அந்தப் பதில். அவருக்கு மட்டுமல்ல, இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கும் எல்லா உம்மா வாப்பாமாருக்கும், அம்மா அப்பாமாருக்கும்.

அந்தக் குரங்கின் கதையை எழுதியவர் ஒரு பெண். நம் நாட்டவர். சின்னப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் செய்வதையே எழுபது வருடங்களுக்கு மேலாகத் தொழிலாகக் கொண்டவர். சிங்கள வீடுகளில் அவரைத் தெரியாத பிள்ளை இல்லை என்றே சொல்லலாம். நம் வீடுகளில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. பெயர் சிபில் வெத்தசிங்க.

கிந்தோட்டையில் தொடங்கிய கதை

1927 ஒக்டோபர் 31ஆம் திகதி காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்தார். கிந்தோட்டை என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். சிங்களவர்களும் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாக வாழும் ஊர். கிங் கங்கை கடலோடு சேரும் இடம். அந்த ஊரில் அவர் வாழ்ந்தது ஆறு வயது வரைக்கும்தான். பிறகு குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. பம்பலப்பிட்டி திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தார்.

ஆனால் அந்த முதல் ஆறு வருடங்கள்தான் அவருடைய முதலீடு. பாட்டிமார் சொன்ன கதைகள், ஊர் ஆட்களின் நடை, உடை, பேச்சு, வீட்டு முற்றம், கோப்பிக் கடை என்று எல்லாவற்றையும் கண்ணுக்குள்ளே கொண்டுவந்துவிட்டார். பிற்காலத்தில் அவர் வரைந்த கிராமங்களில் வயிறு பெருத்த மாமாமாரும், கொண்டை போட்ட ஆச்சிமாரும், தென்னை மரமும், கூரை வீடும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். தன் சிறுபிராயத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார். 'என்னுள் இருக்கும் குழந்தை' என்று பொருள்படும் தலைப்பு. மைக்கல் ஒண்டாட்ஜி நிறுவிய கிரேஷியன் விருது அதற்குக் கிடைத்தது. கிந்தோட்டையில் கழிந்த ஆறு வருடங்கள்தான் அந்தப் புத்தகம்.

ஆறு வயதுக்குள் ஒரு பிள்ளை பார்ப்பதும் கேட்பதும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுக்கு வயது ஆறு.

சித்திரத்துக்கென்று அவர் எந்தக் கல்லூரிக்கும் போனவர் இல்லை. தானாகப் பழகியது. எச். டி. சுகதபால என்ற கல்வியாளர் அந்தக் காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்காக 'நவ மக' என்ற வாசிப்புப் புத்தக வரிசையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையின் கைவேலையைப் பார்த்து, தன் புத்தகத்துக்குப் படம் வரையச் சொன்னார். அப்போது சிபிலுக்கு வயது 15. ஒரு பாடசாலைப் பிள்ளை வரைந்த படங்களோடு மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் வாசித்தார்கள்.

1948இல் 'லங்காதீப' பத்திரிகையில் சேர்ந்தார். 1952இல் லேக் ஹவுஸின் 'ஜனதா' பத்திரிகைக்கு வந்தார். பத்திரிகை ஓவியர் வேலையில் பெண்களைக் காண்பதே அரிதான காலம். அங்கே சந்தித்த பத்திரிகையாளர் தர்மபால வெத்தசிங்கவைத்தான் பிறகு மணந்தார். அதுவரை மற்றவர்களின் கதைக்குப் படம் வரைந்தவர், 'ஜனதா'வில் தன் சொந்தக் கதையைத் தானே எழுதித் தானே வரைந்தார். 'குட ஹொரா'. தமிழில் 'குடைத் திருடன்'. 1956இல் அது புத்தகமாக வந்தது.

கதை இதுதான்

ஒரு ஊர். அந்த ஊரில் ஒருவரும் குடையைக் கண்டதில்லை. மழை பெய்தால் ஒருவர் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு போவார். ஒருவர் சேம்பிலையைப் பிடிப்பார். இன்னொருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வார்.

அந்த ஊரில் கிரி மாமா என்று ஒருவர். ஒருநாள் அவர் டவுனுக்குப் போகிறார். அங்கே ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு போவதைக் கண்டு அப்படியே நின்றுவிடுகிறார். எவ்வளவு அழகான சாமான்! தானும் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வருகிறார். வந்து இறங்கும்போது இரவு. கோப்பிக் கடைக்கு வெளியே குடையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கோப்பி குடிக்கிறார். வெளியே வந்து பார்த்தால் குடை இல்லை.

மறுபடி டவுனுக்குப் போகிறார். மறுபடி குடை வாங்குகிறார். மறுபடி கோப்பி. மறுபடி குடை இல்லை. இப்படியே எத்தனையோ தடவை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வருகிறது. குடையின் மடிப்புகளுக்குள்ளே துண்டுக் கடதாசிகளைப் போட்டு வைக்கிறார். அன்றைக்கும் குடை காணாமல் போகிறது. ஆனால் கடதாசித் துண்டுகள் வழியெல்லாம் விழுந்து கிடக்கின்றன. அதைப் பின்தொடர்ந்து போனால் ஒரு மரம். மரமெல்லாம் குடை. திருடன் ஒரு குரங்கு!

கிரி மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் எல்லாக் குடைகளையும் இறக்கினார். ஒன்றை மட்டும் குரங்குக்கு விட்டுவைத்தார். மிச்சக் குடைகளை வைத்து ஊரில் ஒரு குடைக் கடை போட்டார். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரிடமும் குடை. திருடனுக்கு நன்றி சொல்கிற மாதிரித்தான் கதை முடிகிறது.

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியாது. ஏனென்று சொல்கிறேன்.

ஒரு மழை நாள்

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு அக்காவிடமிருந்து. ஒரு செயலமர்வில் பழக்கம். "நங்கி, இத உங்க புள்ளைகளுக்குக் காட்டுங்க" என்று தன்னுடைய பழைய பிரதியைத் தந்தார். அவருடைய மகள் சின்னதாக இருக்கும்போது வாசித்தது. மூலைகள் மடங்கி, ஒரு பக்கத்தில் சாயம் சிந்தி இருந்தது. அப்படியிருக்கும் புத்தகம்தான் உண்மையில் வாசிக்கப்பட்ட புத்தகம்.

உண்மையைச் சொல்லவேண்டும். நானும் அதை இரண்டு மாதம் அலுமாரியில்தான் வைத்திருந்தேன். கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது படப் புத்தகம் பற்றி நோட்ஸ் எழுதியிருக்கிறேன், பரீட்சையில் விடையும் எழுதியிருக்கிறேன். வகுப்புக்கு வந்ததும் 'பாடம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவள்தான் நான்.

பிறகு ஒருநாள் விடாத மழை. உங்களுக்குத் தெரியும்தானே, நம்ம பக்கம் வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் மூன்று நாளைக்குப் பார்க்கத் தேவையில்லை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் நான் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. வந்த பிள்ளைகளும் பாதிதான். சரி என்று எல்லோரையும் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து சிங்களம். நான் படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் சொன்னேன். கிரி மாமாவை கிரி மாமா என்றேதான் சொன்னேன்.

முதல் பக்கங்களிலேயே நின்றுவிட்டோம். மழைக்கு ஆட்கள் வாழையிலையும் சாக்கும் போட்டுக்கொண்டு போகும் படம். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை. பேரைச் சொல்லமாட்டேன். வகுப்பில் கேட்ட கேள்விக்குக்கூட வாய் திறக்காத பிள்ளை. எழும்பி வந்து படத்தில் விரலை வைத்தாள்.

"டீச்சர், எங்கம்மாவும் இப்புடித்தான் சாக்கு போட்டுக்கிட்டு மலைக்கிப் போகும்."

அவ்வளவு நாளும் நான் அந்தப் பிள்ளையின் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் அவனுடைய வாப்பா பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னான். இன்னொருவன் அவர்கள் வீட்டுக் கூரைக்குக் குரங்கு வந்து பிலாப்பழம் தின்ற கதையைச் சொன்னான். குரங்குதான் திருடன் என்று தெரிந்த பக்கத்தில் வகுப்பே சிரித்தது. கடைசியில் அந்தப் பெண் பிள்ளை மறுபடியும் கேட்டாள். "கொரங்குக்கு ஒன்னு குடுத்தாருதானே டீச்சர்? மழ பேஞ்சா அதுவும் நனையும்தானே?"

அன்றைக்கு நான் பாடத்திட்டத்தில் ஒன்றும் முடிக்கவில்லை. ஆனால் பேசாத பிள்ளை பேசினாள். கதையில் வரிசை இருக்கிறது என்று விளங்கிக்கொண்டார்கள். முதலில் என்ன, பிறகு என்ன, ஏன் அப்படி நடந்தது, இனி என்ன நடக்கும். வாசிப்பு என்பது எழுத்துக் கூட்டுவது மட்டும் என்றால் இது படிப்பில்லை. வாசித்ததை விளங்கிக்கொள்வதும் வாசிப்பு என்றால், நாநா, அன்றைக்கு உங்கள் மகன் படித்தான்.

1956

இனிக் கொஞ்சம் மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

'குட ஹொரா' புத்தகமாக வந்தது 1956இல் என்று சொன்னேன். நம் நாட்டு வரலாற்றில் அந்த வருடத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்ற சட்டம் வந்ததும் அதே 1956. எது சரி எது பிழை என்று அரசியல் பேச நான் இதை எழுதவில்லை. ஆசிரியையாக எனக்குத் தெரிகிற விளைவை மட்டும் சொல்கிறேன். ஒரே நாட்டுப் பிள்ளைகள் இரண்டு மொழிக்குள் தனித்தனியாக வளர்ந்தார்கள். அந்தப் பக்கத்துப் புத்தகம் இந்தப் பக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பாட்டு அந்தப் பக்கம் போகவில்லை.

நம்ம மலையகத்தின் நிலைமை அதைவிட மோசம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. அதுவரை பெரும்பாலான தோட்டங்களில் ஒரு அறை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. அந்த அறையில் கரும்பலகை இருந்தாலே பெரிய விஷயம். அங்கே படப் புத்தகத்துக்கு எங்கே போவது? கொழும்பில் ஒரு பெண் மழைக்குச் சாக்குப் போட்ட மனிதர்களை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், உண்மையாகவே மழைக்குச் சாக்குப் போட்ட தாய்மாரின் பிள்ளைகள் படமில்லாத அறைக்குள் இருந்தார்கள்.

புத்தகம் மட்டும் தூரதேசங்களுக்குப் போனது. 1986இல் ஜப்பானில் வெளியான சிறந்த வெளிநாட்டுப் புத்தகத்துக்கான விருது 'குட ஹொரா'வுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் ஜப்பானிய நூலகச் சங்கம் அதைப் பிள்ளைகளின் மனதை அதிகம் கவர்ந்த புத்தகமாகத் தெரிவு செய்தது. ஜப்பான் பிள்ளைக்கு கிரி மாமாவைத் தெரிந்துவிட்டது. நான் 1990களில் இதே வலப்பனையில் சின்னப் பிள்ளை. பக்கத்து வீட்டில் சிங்களக் குடும்பம். அவர்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்திருக்கும். எனக்கு கிரி மாமாவைத் தெரிய முப்பது வயது தாண்டவேண்டி இருந்தது.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பத்து யார் தூரத்தில் இருந்ததை நாமும் எட்டிப் பார்க்கவில்லை.

படம் என்பது அலங்காரம் இல்லை

படப் புத்தகத்துக்கும், படம் போட்ட புத்தகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில் பாடம் இருக்கும், பக்கத்தில் ஒரு படம் இருக்கும். படத்தை எடுத்துவிட்டாலும் பாடம் குறையாது. படப் புத்தகம் அப்படியில்லை. அங்கே பாதிக் கதை எழுத்தில், பாதிக் கதை படத்தில். 'கிரி மாமா ஒரு குடை வாங்கினார்' என்று எழுத்துச் சொல்லும். அவர் முகத்தில் எவ்வளவு சந்தோசம், கையில் குடையை எப்படிப் பிடித்திருக்கிறார், பார்க்கிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் படம்தான் சொல்லும். பக்கம் புரட்டுவதற்கும் கணக்கு இருக்கிறது. 'குடை எங்கே?' என்ற கேள்வி ஒரு பக்கத்தில். பதில் அடுத்த பக்கத்தில். பிள்ளையின் கை தானாகவே புரட்டப் போகும். அந்தக் கையைப் பழக்குவதுதான் வாசிப்புப் பழக்கத்தின் ஆரம்பம்.

சிபில் வெத்தசிங்க எழுதுவதையும் வரைவதையும் ஒரே ஆளாகச் செய்தார். அதனால் எதை எழுதவேண்டும், எதை எழுதாமல் படத்துக்கு விடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குறைவான வசனம். தெளிவான கோடு, பளிச்சென்ற நிறம். ஒவ்வொரு சேலைக்கும் சாரத்துக்கும் ஒவ்வொரு கோலம். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்தக் கோலங்களை எண்ணிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படத்தோடு படிப்பிப்பது இன்றைக்கு நேற்று வந்த நாகரிகமும் இல்லை. ஐரோப்பாவில் கொமேனியஸ் என்ற ஆசிரியர் 1658இலேயே பிள்ளைகளுக்கு ஒரு படப் பாடநூல் வெளியிட்டார். பாடத்துக்கொரு படம். படத்திலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இலக்கம். பக்கத்தில் அந்தச் சாமானின் பெயர் லத்தீனிலும் ஜேர்மனிலும், இரண்டு மொழியிலும் அருகருகே. யோசித்துப் பாருங்கள், 1658இல் இரு மொழிப் படப் புத்தகம்!

நம் இஸ்லாமிய உலகத்துக்கு வந்தால் இன்னும் பழைய கதை இருக்கிறது. இந்தியாவின் பஞ்சதந்திரக் கதைகள் பழைய பாரசீக மொழிக்குப் போயின. அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவர் அரபிக்குக் கொண்டுவந்தார். 'கலீலா வ திம்னா'. கலீலாவும் திம்னாவும் இரண்டு நரிகள். அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே, மிருகங்களின் படங்கள் எதற்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். பார்க்கிறவர் மனம் அதில் ஈடுபட்டு, திரும்பத் திரும்பப் புரட்டவேண்டும் என்பது அதில் ஒரு நோக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வரையப்பட்ட படங்களோடு அதன் அரபுப் பிரதிகள் இன்றைக்கும் இருக்கின்றன. அரபி வழியாகத்தான் அந்தக் கதைகள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் போயின. நம் பக்கத்துக் கதை உலகத்துக்குப் போனது மொழிபெயர்த்தவர்களாலும் படம் வரைந்தவர்களாலும்தான்.

ஆகவே மிருகக் கதையையும் படத்தையும் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவைக்க வேண்டாம். பெரிய அறிஞர்கள் கையில் எடுத்த வேலை அது.

ஓடிப்போன தாடி, முடியாத கதை

'குட ஹொரா' அவ்வளவு பேர் வாங்கிய பிறகு, அவர் பெரியவர்களுக்கு நாவல் எழுதப் போயிருக்கலாம். போகவில்லை. சின்னப் பிள்ளைகளிடமே நின்றார். 200க்கும் மேற்பட்ட புத்தகங்கள். 1965இல் வெசாக் கூடு பற்றிய கதைக்கு, ஆசியப் பெண் எழுத்தாளர்களுக்கான இசபெல் ஹட்டன் பரிசு கிடைத்தது. ஒரு கிழவரின் தாடி வளர்ந்து வளர்ந்து, வீட்டை விட்டே ஓடிப்போய், ஊரையெல்லாம் சுற்றிக் கட்டிவிடும் ஒரு கதை இருக்கிறது. 'துவன ரெவுல', ஓடும் தாடி. என் வகுப்பில் அந்தக் கதை சொன்ன நாளில் பிள்ளைகள் எல்லோரும் கையால் தாடி பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவருடைய கதைகளில் ஒன்றைக் கவனித்தேன். நல்லது செய்யுங்கள், பொய் சொல்லாதீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் பிரசங்கம் வைக்கமாட்டார். குடையைத் திருடியது தப்பு என்று கிரி மாமா குரங்குக்குப் பாடம் எடுக்கவில்லை. ஒரு குடையை விட்டுவிட்டுப் போனார். அதை வைத்து மன்னிப்பு என்றால் என்ன, பகிர்வது என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொண்டது. நாங்கள் ஆசிரியர்கள் அறிவுரையை இரண்டு தரம் சொல்லாவிட்டால் தூக்கம் வராதவர்கள். அவர் பிள்ளைகளை நம்பினார்.

அந்த நம்பிக்கையின் உச்சம் அவருடைய கடைசி வேலை. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, 'அதிசயப் பளிங்கு' என்று பொருள்படும் ஒரு கதையை எழுதினார். ஆனால் முடிவை எழுதவில்லை. முடிவைப் பிள்ளைகளே எழுதி அனுப்பட்டும் என்று விட்டார். நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் எழுதினார்கள், வரைந்தார்கள். அவற்றில் 1,250 முடிவுகளோடு அந்தப் புத்தகம் வெளியானது. அதிக மாற்று முடிவுகள் கொண்ட புத்தகம் என்று 2020இல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அதே வருடம் ஜூலை 1ஆம் திகதி, 92ஆவது வயதில், கொழும்பில் காலமானார்.

15 வயதில் வரைந்த பாடப்புத்தகப் படத்திலிருந்து 92 வயதில் பிள்ளைகளிடம் விட்டுப்போன முடிவுகள் வரைக்கும் கணக்குப் பாருங்கள். ஒரே வேலை. சின்னப் பிள்ளைக்கு மரியாதை கொடுக்கிற வேலை.

நம் பக்கம்

தமிழில் நமக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார். இந்தியாவில் அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை செய்துகொண்டே ஆயிரக்கணக்கான குழந்தைப் பாடல்களை எழுதிக் குழந்தைக் கவிஞர் என்று பேர் எடுத்தார். நாமெல்லாம் அந்தப் பாட்டுகளைப் பாடி வளர்ந்தவர்கள்தான். நம்ம மலையகத்தில் மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களை வாய்மொழியாகக் கேட்டுச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் சேர்க்காவிட்டால் அதில் எத்தனையோ பாட்டு பாட்டிமாரோடு போயிருக்கும்.

ஆனால் என் வகுப்பு அலுமாரியைத் திறந்தால், ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் லயத்தைப் படமாகப் பார்க்கக்கூடிய புத்தகம் இல்லை. கொழுந்துக் கூடை, பெரட்டுக் களம், பள்ளத்தில் தெரியும் நெல் வயல், ராகலை பஸ், நம்ம பள்ளிவாசல், பெருநாள் காலை, வட்டிலப்பம். இவையெல்லாம் ஒரு பிள்ளை விரல் வைத்து 'இது எங்க வீடு' என்று சொல்லக்கூடிய படங்களாக அங்கே இல்லை. அந்தப் பெண் பிள்ளை தன் அம்மாவைக் கண்டுபிடித்தது ஒரு சிங்களப் புத்தகத்தில். எனக்கு அது சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

என் உம்மும்மா சொன்ன கதைகளை யோசித்துப் பார்த்தேன். கண்டியிலிருந்து சாமான் மூட்டையோடு கால்நடையாக மலையேறி வியாபாரத்துக்கு வந்த அவருடைய வாப்பாவைப் பற்றி ஒரு கதை. வழியில் மழைக்கு ஒதுங்கிய லயத்தில் ஒரு தாய் தேத்தண்ணி கொடுத்த கதை. அதற்கு நன்றியாக அவர் ஒரு சீப்பைக் கொடுத்துவிட்டு வந்த கதை. உம்மும்மா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. நான் எதையும் எழுதி வைக்கவில்லை. சீப்பின் நிறம் என்ன என்று அவர் சொன்னாரா, நானே கற்பனை செய்தேனா என்று இப்போது நினைவில்லை. கிந்தோட்டையில் ஒரு பிள்ளை ஆறு வயதுவரை கேட்டதை மறக்காமல் வைத்திருந்தது. நான் பதினைந்து வயதுவரை கேட்டும் விட்டுவிட்டேன்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். காசு கேட்கவில்லை, பயப்படாதீர்கள்.

ஒன்று. உங்கள் வீட்டில் பெரிய பிள்ளைகள் வாசித்து முடித்த படப் புத்தகங்கள் இருந்தால், சிங்களமோ தமிழோ ஆங்கிலமோ, வகுப்புக்குத் தாருங்கள். மூலை மடங்கியிருந்தால் இன்னும் நல்லது. மொழி தெரியாது என்று யோசிக்க வேண்டாம். தெரிந்தவர் சொல்லித் தருவார், படம் மிச்சத்தைச் சொல்லும்.

இரண்டு. சிங்களம் நன்றாகத் தெரிந்த உறவுகள், மாதத்தில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் வந்து ஒரு புத்தகத்தைத் தமிழில் சொல்லித் தாருங்கள். புத்தகம் தந்த அந்த அக்கா தன் வகுப்பில் நம்ம தமிழ்ப் பாட்டுகளைச் சொல்லித் தரக் கேட்டிருக்கிறார். நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

மூன்று. இதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் உம்மும்மா, அப்பாயி, அம்மாயி, தாத்தா யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு கதையைக் கேளுங்கள். ஃபோனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் படம் வரைவார்கள். நாங்கள் எழுத்துப் போடுவோம். தைத்து அலுமாரியில் வைப்போம். அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை. நம் பிள்ளை விரல் வைத்துக் காட்ட அங்கே ஒரு பக்கம் இருக்கும்.

கடைசியாக, நாநா, உங்களுக்கு. மகன் குரங்கு கீறிய கொப்பியை நான் வாங்கிப் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில் குரங்கு இல்லை. மழை. ஒரு கடை. கடைக்கு முன்னால் ஒருவர் பெரிய குடை பிடித்து நிற்கிறார். கீழே எழுத்துக் கூட்டி, அவனே எழுதியிருக்கிறான்: 'வாப்பா'. வானாவுக்கு அரவு போட்டிருக்கிறான், பானாவுக்குக் குற்றும் போட்டிருக்கிறான். ஒரு பிழையும் இல்லை.

நான் அந்த வசனத்தை அவனுக்கு இன்னும் படிப்பிக்கவில்லை. கொப்பியை நாளைக்குக் கொடுத்து அனுப்புகிறேன். பாருங்கள்.

வஸ்ஸலாம்.